ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்

வேலை செய்துகொண்டிருக்கும் கம்ப்யூட்டர் திடீரென்று அசையாமல் நின்றுவிட்டால், உறைந்துபோனது என்று வெள்ளைக்காரன் சொல்வான். நம்மூரில் பனியும் கிடையாது, உறைவதற்கு வழியும் கிடையாது. இங்கே அதற்குப் பெயர் 'ஹேங்'. 'சிஸ்டம் ஹேங் ஆயிட்டு' என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையில் இருந்து பத்திரம் எழுதுகிறவர் வரை எல்லாருக்கும் விளங்கும். அதற்கு மருந்தும் ஒன்றுதான். 'வைரஸ் ஏறிட்டு அண்ணாச்சி, ஃபார்மட் போட்டா சரியாயிரும்.' 2000-க்குப் பிறகு ஒரு பத்து வருஷம் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் திருநெல்வேலியில் யாரும் கம்ப்யூட்டர் வைத்திருந்ததில்லை என்றே சொல்லலாம். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

ஹேங் ஆவது கம்ப்யூட்டரோடு கூடப் பிறந்த வியாதி. ஐ.பி.எம். கம்பெனி தன்னுடைய பர்சனல் கம்ப்யூட்டரை 1981 ஆகஸ்டில் வெளியிட்டது. அதைச் செய்து முடிப்பதற்கு முன்பே, வேலை நடுவில் நின்றுபோகிற இயந்திரத்தை ஸ்விட்சை அணைக்காமல் மறுபடி கிளப்ப ஒரு வழி வேண்டும் என்று டேவிட் பிராட்லி என்ற அங்கத்திய இன்ஜினீயர் மூன்று பொத்தான்களைச் சேர்த்து ஓர் ஏற்பாடு செய்து வைத்தார். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட். கை தவறிப் பட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையாலும் அழுத்தும்படி வைத்தாராம். சாமான் சந்தைக்கு வரும் முன்பே சாவுக்கும் வழி செய்து வைத்திருக்கிறார்கள்.

மென்பொருளில் உள்ள குறையால் நின்ற கதைகள் நிறைய. விண்டோஸ் 95-லும் 98-லும் ஒரு விசித்திரம் இருந்தது. இயந்திரம் ஆரம்பித்ததில் இருந்து கழிந்த நேரத்தை, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக, உள்ளே ஒரு கணக்கு எண்ணிக்கொண்டே போகும். அந்தக் கணக்கில் 429 கோடியே சொச்சம் வரைக்கும்தான் இடம் உண்டு. கார் மீட்டர் 99999-ஐத் தாண்டி மறுபடி சுழியத்துக்கு வருவதுபோல அதுவும் திரும்பும்போது சிஸ்டம் நின்றுவிடும். கணக்குப் போட்டால் 49.7 நாள். அதாவது அணைக்காமல் 49 நாள் 17 மணி நேரம் ஓடினால் கட்டாயம் ஹேங். இது வெளியே தெரியவே சில வருஷங்கள் ஆயிற்று, ஏனென்றால் அவ்வளவு நாள் நிற்காமல் ஓடிய விண்டோஸ் அமெரிக்காவிலேயே அபூர்வம். நம் பக்கத்து மின்வெட்டில் 49 நாள் என்ன, 49 மணி நேரம் ஓட்டிக் காட்டுபவருக்கு மாலை போடலாம். அந்த வியாதி வராமல் எங்களைக் காத்தது மின்வெட்டுதான்.

அடுத்து 1997 நவம்பர். இன்டெல் கம்பெனியின் பென்டியம் சிப்பில் ஒரு குறிப்பிட்ட கட்டளையைக் கொடுத்தால் அந்த இடத்திலேயே சிப் கட்டை போட்டதுபோல நின்றுவிடும் என்று கண்டுபிடித்தார்கள். சாதாரண வேலையில் அந்தக் கட்டளை வராது. வேண்டுமென்று விஷமம் செய்கிறவன்தான் கொடுக்க முடியும். விண்டோஸையும் மற்றவற்றையும் கொஞ்சம் திருத்தி அதைச் சமாளித்தார்கள்.

இதெல்லாம் ஊர் அறிந்த கதை. நான் விரிவாகச் சொல்ல நினைப்பது இதற்கு அடுத்து வந்ததை. அதில் என் மேஜையும் மாட்டிக்கொண்டது.

நான் மின்சாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். 2002-ல் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். பென்டியம் 4, உதிரி சாமான் வாங்கிச் சேர்த்து மாட்டிய 'அசெம்பிள்டு'. வாங்கியதற்குக் காரணம் 1992 நவம்பர் வெள்ளம். சிற்றாறு தாமிரபரணியோடு சேருகிற இடத்தில் இருக்கிறது எங்கள் சீவலப்பேரி. முக்கூடல் என்று பழைய பெயர். அந்த வெள்ளத்தை நேரில் பட்டவர்கள் சொன்னதைக் கேசட்டில் பிடித்து, எழுத்தில் இறக்கிவிட வேண்டும் என்று ஆசை. ஆற்றங்கரை ஊர்களில் 14 பேரிடம் பேசியிருந்தேன். கேசட் வாங்கக் கஷ்டப்பட்ட காலம், ஒன்றை எழுதி முடித்ததும் அதன்மேலேயே அடுத்த ஆளைப் பதிவேன். பாமினி எழுத்துருவில் ஒரு விரல், இரண்டு விரலாகத் தட்டி, இரண்டு வருஷத்தில் 14-ஐயும் ஏற்றிவிட்டேன்.

2004 சித்திரையில் ஹேங் ஆரம்பித்தது. மவுஸ் அம்பு நின்ற இடத்தில் நிற்கும். உள்ளே மின்விசிறி மட்டும் சுற்றும். கடைக்காரத் தம்பி வந்தான், முதலில் ராம் பலகையைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்து மாட்டினான். (சிரிக்க வேண்டாம். ஈரக் காற்றில் பல் கறுத்துப்போனால் இது நிஜமாகவே பலிக்கும்.) இரண்டு நாள் ஓடியது. மறுபடி ஹேங். பிறகு அந்த வாக்கியம். ஃபார்மட்.

முதல் தடவை ஃபார்மட் போட்டுத் திரும்பியதும் பாமினி எழுத்துரு போயிருந்தது. என் கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துப் புழுக்கள். 'அம்மா' என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று நிற்கும். இன்றைய பிள்ளைகளுக்கு இது புரியாது. அன்று தமிழுக்கு ஒவ்வொரு எழுத்துருவும் ஒரு தனிச் சங்கேதம், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் எழுதியவனுக்கே வாசிக்க முடியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு கூடி, டாம், டாப் என்று இரண்டு பொதுக் குறியீடுகளை வகுத்தார்கள். யூனிகோடைத் தமிழக அரசு முறையாக ஏற்றது 2010-ல், கோவைச் செம்மொழி மாநாட்டு வேளையில். இடைப்பட்ட பத்து வருஷத்தில் ஃபார்மட் போட்டுத் தொலைந்த தமிழ் எவ்வளவு என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. ஊர் ஊராகப் போய் எடுத்தால் கோயில் வரலாறு, குலவரிசை, சங்க மலர், இறந்தவர் நினைவுக் கட்டுரை என்று ஒரு நூலகமே தேறும்.

எழுத்துருவை நான் ஒரு சி.டி.யில் இருந்து மறுபடி ஏற்றிக்கொண்டேன். பத்து நாளில் ஹேங் திரும்பி வந்தது. இரண்டாம் தடவை கடைக்கே கொண்டுபோனார்கள். சி டிரைவ் மட்டும், டி-யைத் தொடாதீர்கள் என்று காகிதத்தில் எழுதி மேலே ஒட்டித்தான் கொடுத்தேன். திரும்பி வந்தபோது டி டிரைவும் வெறுமையாக இருந்தது. சி.டி.யில் பதிந்து வைத்திருந்த 11 பேர் பிழைத்தார்கள். கடைசி மூன்று பேர் சொன்னது போனது. அந்தக் கடையின் பெயர் இங்கே வேண்டாம். அந்தத் தம்பிக்கு யாரோ சொல்லிக் கொடுத்ததைத்தான் அவன் செய்தான்.

அதற்குப் பிறகு யாரையும் கூப்பிடவில்லை. சப்-ஸ்டேஷனில் லாக் ஷீட் எழுதிய கை. ஒரு டைரி போட்டேன். ஹேங் ஆனதும் திரையின் மூலையில் உள்ள கடிகாரமும் அப்படியே நின்றுவிடும். ஆகவே நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும் எந்த நிமிஷம் நின்றது என்று அதுவே சொல்லும். இதைப் பலர் கவனிப்பதில்லை. 41 நாளில் 23 தடவை. அதில் 19 பகல் ஒரு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே. காலை எட்டு மணிக்கு முன்னால் ஒன்றுகூட இல்லை.

முதலில் மின்சாரத்தைப் பார்த்தேன். எங்கள் தெரு லைனின் கடைசியில் இருக்கிறது. வயல் பக்கம் பம்ப்செட் கிளம்பும்போது மோட்டார் ஓட்ட மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், அந்த நொடி லைட் மங்கும். வோல்ட் மீட்டரில் 230 என்பது 190 வரை இறங்கியதைப் பார்த்தேன். ஆனால் மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தையும் ஹேங் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது ஒட்டவில்லை. எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி அளந்தேன், நன்றாக இருந்தது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் இருந்து வெளியே வருகிற 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் பகல் இரண்டு மணிக்கும் சரியாகவே நின்றன. மெமரியைச் சோதிக்கிற புரோகிராமை ராத்திரி முழுவதும் ஓடவிட்டேன். ஒரு பிழையும் இல்லை. அதையே மத்தியானம் ஓடவிட்டால் பாதியில் நின்றது.

பக்கக் கதவைக் கழற்றிவிட்டு ஸ்டாண்ட் ஃபேனைத் திருப்பி வைத்தேன். அன்று மத்தியானம் ஹேங் இல்லை. சூடுதான் என்று தெரிந்தது. எதனுடைய சூடு என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். பிராசஸரைச் சுற்றிச் சுண்டுவிரல் நுனி அளவில் ஒன்பது அலுமினியக் குப்பிகள் வரிசையாக நிற்கும். அதில் ஐந்துக்கு மண்டை புடைத்திருந்தது. ஒன்றில் இருந்து கருப்பட்டிப் பாகு மாதிரி ஒன்று கசிந்து காய்ந்துபோயிருந்தது.

கெப்பாசிட்டர். பழைய ரேடியோக்காரர்களுக்குக் கண்டன்சர். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் 'கண்டன்சர் போயிட்டு' என்போமே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. ஃபேனில் இருப்பது உலர்ந்த வகை. இது உள்ளே திரவம் உள்ள வகை. பென்டியம் 4 பிராசஸருக்குச் சுமார் ஒன்றரை வோல்ட் போதும், ஆனால் 40 ஆம்பியருக்கு மேலேயும் இழுக்கும். அதுவும் சீராக இழுக்காது, ஒரு நொடியில் கோடிக் கணக்கான தடவை கூட்டிக் குறைத்து இழுக்கும். அந்தக் குலுக்கலைத் தாங்கி, வோல்ட்டை ஒரே மட்டத்தில் வைப்பது இந்தக் குப்பிகளின் வேலை. மேல்நிலைத் தொட்டி மாதிரி. திரவம் கெட்டால் தொட்டி சிறுத்துவிடும், வோல்ட் ஒரு கணம் தள்ளாடும், பிராசஸர் வழிதவறி நிற்கும். மறுபடி ஸ்விட்ச் போட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். இதனால்தான் எல்லாரும் வைரஸ் என்று நம்பினார்கள்.

இந்த வகைக் கெப்பாசிட்டருக்கு ஒரு கட்டைவிரல் கணக்கு உண்டு. சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று எழுதியிருந்தால், 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வர வேண்டும். தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால் பத்து வருஷத்துக்கு மேல். என்னுடையது இரண்டு வருஷத்தில் போனது. நம் அக்னி நட்சத்திர வெயிலை எவ்வளவுதான் குற்றம் சொன்னாலும் இந்த வித்தியாசத்துக்கு அது காணாது.

காரணம் பிறகு தெரிந்தது. ஏறக்குறைய 1999-ல் இருந்து 2007 வரை உலகம் முழுவதும் இப்படிக் குப்பி புடைத்து லட்சக்கணக்கான மதர்போர்டுகள் செத்தன. 'கெப்பாசிட்டர் கொள்ளைநோய்' என்றே அதற்குப் பெயர். மலிவாகவும் திறமையாகவும் இருக்கட்டும் என்று தண்ணீர் அதிகம் சேர்ந்த திரவத்தைப் பயன்படுத்தினார்கள். அலுமினியத்தைத் தண்ணீர் அரிக்காமல் காப்பதற்கு அதில் சில சரக்குகள் சேர்க்க வேண்டும். அவை சரியாகச் சேராவிட்டால் அலுமினியம் அரித்து ஹைட்ரஜன் வாயு உண்டாகும். குப்பி வெடிக்காமல் இருக்கத் தலையில் கீறல் போட்டிருப்பார்கள். வாயு முட்டி அந்தக் கீறல் புடைக்கும், பிறகு பிளந்து கசியும்.

ஜப்பானின் ரூபிகான் கம்பெனியில் இருந்து விலகிய ஒரு விஞ்ஞானி சீனாவில் ஒரு கம்பெனிக்குத் திரவச் செய்முறையைக் கொண்டுபோனார், அவரிடம் இருந்தவர்கள் அதைப் பாதிக் குறிப்போடு தைவானுக்குக் கடத்தினார்கள், விட்டுப்போன சரக்கினால்தான் இவ்வளவும் என்று 2002, 2003-ல் தொழில் பத்திரிகைகள் எழுதின. கேட்க ருசியான கதை. ஆனால் முழு விளக்கம் ஆகாது என்பது என் எண்ணம். ஏனென்றால் அந்தக் காலத்து வழக்குகளில் மிகப் பெரியதில் மாட்டியது தைவான் குப்பி இல்லை, ஜப்பானிய நிச்சிகான் கம்பெனிக் குப்பி.

அது டெல் கம்பெனியின் ஆப்டிபிளெக்ஸ் வழக்கு. 2003 மே முதல் 2005 ஜூலை வரை, கெட்டுப்போகக் கூடிய உறுப்புகளோடு குறைந்தது 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்களை விற்றிருந்தார்கள் என்று வழக்கில் வெளிவந்த ஆவணங்கள் காட்டின. பழுதுக்காக 30 கோடி டாலரைக் கம்பெனி ஒதுக்கியது. 2010-ல் நியூயார்க் டைம்ஸ் இதை விவரமாக எழுதியது. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையின் கம்ப்யூட்டர்கள் நின்றபோது, நீங்கள் ரொம்பக் கடினமான கணக்கு எல்லாம் போட வைத்தீர்கள், அதனால்தான் கெட்டது என்று பதில் வந்ததாம்! டெல்லுக்காக வாதாடிய வக்கீல் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களே அதே வியாதியில் கிடந்தன என்பதும் அந்தச் செய்தியில் இருந்தது. சென்னையில் இருக்கும் மருமகன் இதை அச்செடுத்துக் கொடுத்தபோது, டெக்சாஸ் பேராசிரியருக்கும் சீவலப்பேரிக்காரனுக்கும் கிடைத்த மரியாதை ஒன்றுதான் என்று ஒரு சின்னத் திருப்தி. அவருக்குக் 'கணக்கு ஜாஸ்தி', எனக்கு 'வைரஸ்'.

எங்கே தப்பு என்று கண்டுபிடிக்காமல் பயன்படுத்துகிறவன் மேல் போடுவது அன்றோடு முடிந்ததும் இல்லை. இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் விளையாட்டு நடுவே சாவதாகப் பல மாதம் புகார். அவரவர் மதர்போர்டு அமைப்பைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள். 2024 ஜூலையில், சிப்பின் உள்ளே இருக்கிற நுண்கட்டளையே தேவைக்கு அதிகமான வோல்ட்டைக் கேட்டு வாங்குகிறது என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. அடுத்த மாதம் வாரண்டியை மூன்றில் இருந்து ஐந்து வருஷம் ஆக்கினார்கள். மறுபடியும் வோல்ட்தான். லைன்மேனைக் கேட்டிருக்கலாம்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்லா ஹேங்குக்கும் ஆள் அகப்படுவதில்லை. 1978-ல் இன்டெல் மெமரி சிப்புகளில் ஒரு காரணமும் இல்லாமல் எழுத்து மாறியது. டிமோத்தி மே, முர்ரே உட்ஸ் என்ற இருவர் துருவிப் பார்த்தார்கள். சிப்பை மூடியிருந்த பீங்கான் உறையில் அணு அளவில் யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவை வீசும் ஆல்ஃபா துகள்தான் எழுத்தைப் புரட்டியது. உறை செய்த ஆலை, பழைய யுரேனிய ஆலை ஒன்றுக்குக் கீழே ஆற்றங்கரையில் இருந்தது என்பார்கள். தோரியம் நமக்கு அந்நியம் இல்லை, மணவாளக்குறிச்சி மணலில் இருப்பதும் அதுவே.

வானத்தில் இருந்தும் வரும். 2003 மே 18-ல் பெல்ஜியத்தில் ஷார்பேக் என்ற ஊரில் மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு அதிகமாக விழுந்தது. அந்த எண் இரண்டின் 12-ம் அடுக்கு. அதாவது மெமரியில் ஒரே ஓர் இடம் சுழியத்தில் இருந்து ஒன்றாகப் புரண்டிருக்கிறது. காஸ்மிக் கதிரைத்தான் சந்தேகிக்கிறார்கள். இந்தக் கதிர்களை ஆராய்கிற கிரேப்ஸ்-3 என்ற நிலையம் நம் ஊட்டியில்தான் இருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேல் வந்த ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்தது என்று அங்கே கணக்கிட்டு 2019-ல் வெளியிட்டார்கள். 11,000 வோல்ட்டுக்கே கையுறை போட்டு நின்றவனுக்கு அந்த எண்ணை வாசித்ததும் உள்ளங்கை வேர்த்தது.

ஆனால் வீட்டு மேஜைக்குக் காஸ்மிக் கதிரைத் தேடிப் போக வேண்டாம். கூகுள் தன் கம்ப்யூட்டர்களைப் பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், வருஷத்துக்கு நூற்றுக்கு 8 மெமரிப் பலகையில் பிழை வந்தது. அதில் பெரும்பாலும் பலகையின் சொந்தக் கோளாறு, கதிர் இல்லை. நீங்கள் டைரி போடுங்கள், ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாமானை மாற்றுங்கள், வெயில் நேரத்தையும் விடிகாலையையும் ஒப்பிடுங்கள். கோப்புகளை வேறு ஓர் இடத்தில் எடுத்து வைத்த பிறகே யாரையும் வீட்டுக்குள் விடுங்கள். உள்ளே செத்த பல்லி கிடந்தால் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். மதர்போர்டில் பல்லி விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் இல்லை, ஷார்ட் சர்க்யூட் என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

பாளையங்கோட்டையில் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக் இருந்தார். குப்பி ஒன்று எட்டு ரூபாய் வீதம் ஒன்பதையும் மாற்றிக் கொடுத்தார். கூலியோடு 150 ரூபாய் ஆயிற்று. அதே கம்ப்யூட்டர் 2011 வரை ஓடியது. வெயில் நேரத்து ஹேங் அதற்குப் பிறகு வரவில்லை. பாமினியில் இருந்ததைச் சுரதாவின் 'பொங்குதமிழ்' மாற்றி வழியாக யூனிகோடாக்கினேன். 11 பேர் சொன்னதும் இந்தப் பக்கத்தில் முன்பே வந்திருக்கிறது, வாசித்தவர்கள் நினைவு வைத்திருப்பீர்கள்.

தொலைந்த மூவரில் இருவரை மறுபடி போய்ப் பார்த்தேன். ஒருவர் முதல் தடவையைவிட நன்றாகச் சொன்னார். இன்னொருவருக்கு ஞாபகம் தடுமாறிவிட்டது, நாலு வரிதான் தேறியது. மூன்றாவது, ஆற்றுப் படித்துறையில் துணி வெளுத்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி. ராத்திரி முழுக்க ஒரு மருதமரத்தின் கிளையில் இரண்டு பேரப்பிள்ளைகளைச் சேலையால் கட்டிவைத்து உட்கார்ந்திருந்ததைப் பத்துப் பக்கத்துக்குச் சொல்லியிருந்தது. அந்த ஆச்சி 2004 ஆடியிலேயே தவறிவிட்டது. கீழே தண்ணீரில் என்னென்ன மிதந்து போயிற்று என்று ஒரு வரிசை சொல்லும். உரல், பெட்டி, கட்டில், கட்டோடு கன்றுக்குட்டி. அதற்கு மேல் எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்தப் பேரப்பிள்ளைகளில் ஒருவன் இப்போது திருப்பூரில் வேலையாக இருக்கிறான் என்று கேள்வி. பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் அவனைக் கேட்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.